அம்மாவைக் கூப்பிட ஒரு பொத்தான்

அத்தா உன்னைக் கூப்பிடுகிறார், உடனே கிளம்பி வா என்று அம்மா போன் செய்தபோது, நான் குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தாவும் அம்மாவும் இருப்பது மேற்குத் தாம்பரம். பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் "கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஜிஎஸ்டி ரோட்டில் குறுக்கே வந்த அத்தனை பேரையும் திட்டினேன். பக்கவாதம் வந்து பேச்சு போன மனிதர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றால் என்னவென்று நினைப்பது? ஒன்று அதிசயம் நடந்திருக்க வேண்டும், இல்லை கடைசி நேரமாக இருக்க வேண்டும். தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் அதிசயமும் இல்லை, ஆபத்தும் இல்லை. அத்தா தலையணையை அண்டக் கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் டேப்லெட். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. என்னைப் பார்த்ததும், நீ எங்கே வந்தாய் என்பதுபோல இடது கையை விரித்தார். பிறகு அதே கையால் அம்மாவைச் சுட்டிக் காட்டினார்.

"என்னையா கூப்பிட்டீங்க? அது இவ பேரைத்தானே சொல்லிச்சு!" என்றாள் அம்மா.

அத்தா டேப்லெட்டைத் தூக்கிக் கால்மாட்டில் எறிந்தார்.

இது புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அத்தா ஒருநாளும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மாவும் அத்தா பெயரைச் சொன்னதில்லை என்பது இருக்கட்டும், அது எல்லா வீட்டிலும் உள்ளது. அத்தா அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் மூத்த மகளான என் பெயரைத்தான் கூப்பிடுவார். எனக்கு என்றால் வெடுக்கென்று முடித்துவிடுவார். அம்மாவுக்கு என்றால் கடைசி எழுத்தை இழுத்து, இழுத்த இடத்தில் கொஞ்சம் இறக்குவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாலும் தலை நிமிர மாட்டேன். அம்மா எங்கேயிருந்தாலும் "வர்றேங்க" என்பாள். நான் கல்யாணமாகி அஸ்தினாபுரம் போன பிறகும் இதுதான். மாடியில் குடியிருந்தவர்கள் பாவம், என் பெயர் கேட்கும்போதெல்லாம் "பொண்ணு வந்திருக்காளா?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு விடியற்காலையில் வலது கையும் வலது காலும் விழுந்தன. கூடவே பேச்சும் போனது. நாம் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரியும். யார் பொய் சொல்கிறார்கள், யார் மருந்துச் செலவைப் பற்றி மறைக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சொல் வராது. பக்கத்தில் காது வைத்தால் கேட்கிற அளவுக்கு ஒரு மெல்லிய சத்தம் வரும், அவ்வளவுதான். "எழுதிக் காட்டச் சொல்லுங்களேன்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு யோசனை சொன்னார்கள். எழுத்தும் சேர்ந்துதான் போயிற்று என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. பெயின்ட் கடையில் நின்று வருஷக்கணக்காகப் பில் போட்டவர், 'அ' எழுதச் சொன்னால் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த அன்று நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் அந்த ஆப்பைக் காட்டினாள். படம் படமாக இருக்கும். தண்ணீர்க் குவளையைத் தொட்டால் டேப்லெட் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று சொல்லும். ஃப்ரீ. செய்தி வாசிக்கிற அம்மாள் மாதிரி ஒரு பெண் குரல். எங்கள் அத்தா முதன்முதலாக அதைத் தொட்டு, "தயவுசெய்து எனக்குத் தேநீர் தாருங்கள்" என்று அது சொன்னபோது, அம்மா சிரித்த சிரிப்பில் அத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. படுத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். வாக்கியங்களையெல்லாம் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். நான் உட்கார்ந்து மாற்றினேன். "டீ வேணும்." "பசிக்குது." "டிவி சத்தத்தைக் குறை." எல்லாம் சரியாகத்தான் போனது.

அம்மாவைக் கூப்பிடுவதில்தான் மாட்டிக்கொண்டோம்.

முதலில் அம்மாவின் பெயரைப் போட்டேன். அத்தா திரையை உள்ளங்கையால் மூடிவிட்டார். "எடு அதை, ரேஷன் கடையில கூப்பிடற மாதிரி இருக்கு" என்று அம்மாவும் முகத்தைச் சுளித்தாள். அடுத்து "இங்க வா" என்று போட்டேன். பெண் குரலல்லவா, அம்மா அதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுகிறாள் என்று போய்த் தெருக் கதவைத் திறந்தாள். என் பெயரையே போட்டால் என்ன என்று போட்டேன். அதன் பலன்தான் நான் வேலையை விட்டு ஓடி வந்தது; போன் வந்த பதற்றத்தில் அந்தப் பொத்தானைப் போட்டதே எனக்கு நினைவு வரவில்லை. செய்தி வாசிக்கிற அம்மாளுக்கு இழுக்கவும் தெரியாது, இறக்கவும் தெரியாது.

காலிங் பெல் வாங்கி வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காதவர் இல்லை. வாங்கினோம். கட்டில் பக்கத்தில் ஒட்டினோம். அத்தா ஒரே ஒரு தடவை அழுத்தினார். அம்மா வந்து நின்றதும் பெல்லைக் காட்டி, அம்மாவைக் காட்டி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அதைப் பிய்த்துப் போட்டார். ஆபீசர் பியூனைக் கூப்பிடுவது போலப் பெண்டாட்டியைக் கூப்பிட அவருக்கு மனசில்லை. உடம்பு விழுந்தாலும் வீம்பு விழவில்லை பாருங்கள். எனக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அம்மா தானாக வந்து கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் காலையில் அம்மா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தா யாரையும் கூப்பிடாமல் தானே பாத்ரூமுக்குப் போகலாமென்று எழுந்து, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்துவிட்டார். மிக்ஸி சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. சட்னியைத் தாளித்து எடுத்துக்கொண்டு வந்தவள்தான் பார்த்தாள். தாடையில் தையல். "இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு போயிடும், ஜாக்கிரதை" என்றார் டாக்டர். அம்மா அன்றிலிருந்து குளிக்கப் போனால்கூடக் கதவைச் சாத்துவதில்லை. மிக்ஸி போடுவதில்லை. அம்மியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டாள். அவளைப் பார்த்தால் அவள்தான் அடுத்து விழுவாள் போலிருந்தது.

பயிற்சிப் பெண்ணிடம் புலம்பினேன். "நம்மளே ரெக்கார்டு பண்ணின சத்தத்தை அந்தப் பட்டன்ல வைக்க முடியாதா?"

"இப்போதைக்கு இல்லக்கா. ஆனா இது ஓப்பன் சோர்ஸ். நீங்க கேக்கலாம்."

"யாரை?"

"செய்யறவங்களை. அங்கங்க ஊர்ல உக்காந்து சம்பளம் வாங்காம புரோகிராம் எழுதறாங்க. இந்த வசதி வேணும்னு கேக்க ஒரு பக்கம் இருக்கு. யார் வேணா எழுதலாம்."

சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர்கள் எதற்கு என் பேச்சைக் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஆங்கிலம். எல்லோரும் எனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று மொட்டையாக எழுதியிருந்தார்கள். ஒரு மரியாதை இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஒழுங்காக எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், பொருள், தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன், தங்கள் உண்மையுள்ள, எல்லாம் ஆங்கிலத்தில். சொந்தமாக ரெக்கார்டு செய்த ஒலியைப் பொத்தானில் வைக்கும் வசதி செய்து தரவும். அத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டு விஷயத்தை ஊர் பேர் தெரியாதவர்களிடம் எதற்குச் சொல்வது என்று நினைத்தேன்.

பதில் இல்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்ப்பேன். கல் மாதிரி அப்படியே கிடக்கும். கவுன்ட்டரில் என்னிடம் "மேடம், ரிப்போர்ட் எப்ப வரும்?" என்று கேட்பவர்களுக்கு "சாயங்காலம் வரும் சார்" என்று பார்க்காமலே பதில் சொல்கிறவள் நான். இப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

இந்த நேரத்தில்தான் மாமா உள்ளே வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய், குப்பை வண்டி, எதுவாக இருந்தாலும் மனு எழுதிக் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்டு போவதுதான் அவருக்கு வாழ்க்கை. அதில் பாதி நடக்கும், பாதி நடக்காது. நடந்த பாதியை வைத்து அவர் மீசையை முறுக்கிக்கொள்வார்.

"இன்னாம்மா நீ, தனியா மனு குடுத்தா யார் மதிப்பான்? அழுத புள்ளைக்குத்தான் பால். நூறு பேரு சேந்து அழுவணும்."

"மாமா, இது கவர்ன்மென்ட் ஆபீஸ் இல்ல."

"எல்லாம் ஆபீஸ்தாம்மா. நீ எழுதுனதை எனக்கு அனுப்பு. மீதியை நான் பாத்துக்கறேன்."

அனுப்பினேன். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார், நாலு பேர் ஆதரவு சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தெருவில் போன் வைத்திருக்கிற அத்தனை பேரையும் அந்தப் பக்கத்தில் கணக்குத் தொடங்க வைத்து, நான் எழுதியதை அப்படியே, ஒரு புள்ளி மாறாமல், ஆளுக்கொரு மனுவாகப் போட வைத்துவிட்டார். பெயின்ட் கடைக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவர், மாடியில் குடியிருப்பவர்கள், பள்ளிவாசல் தெருவில் பாதிப் பேர், ஏரிக்கரைப் பக்கம் நிலம் விற்றுக் காம்ப்ளெக்ஸ் கட்டியிருக்கும் ரெட்டியார் வீட்டு மூன்று மருமகள்கள், எல்லோரும். ஒருவர் ஆதரவோடு ஆதரவாக எங்கள் தெருவில் நாய்த் தொல்லை அதிகம், உடனே நடவடிக்கை எடுக்கவும் என்றும் சேர்த்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை எங்கள் தெருதான். ஒவ்வொன்றின் மேலும் குப்பை என்று அடையாளம் போட்டு மூடியிருந்தார்கள். கணக்குகளை முடக்கியிருந்தார்கள். பல நாட்டுக்காரர்கள் கீழே கோபமாக எழுதியிருந்தார்கள். நாய்த் தொல்லைக்கு ஒருவர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்.

மாமாவுக்குப் போன் செய்து நான் கத்தியதில் ஸ்கேன் எடுக்க வந்தவர்கள் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார்கள். "உங்களை யார் மாமா இதெல்லாம் பண்ணச் சொன்னது? இருந்த ஒரு கதவையும் சாத்திட்டீங்களே!"

"அட, மூடிட்டாங்கன்னா பாத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்றார் மாமா. "பேஜார் ஆகாத. ஃபைலைத் தொறந்து பாக்க வச்சுட்டோம்ல?"

போனை வைத்துவிட்டேன். இனி அவரோடு பேசுவதில்லை என்று அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஆனால் மாமா சொன்னது பொய்யில்லை. நான் முதலில் எழுதியதை மட்டும் அவர்கள் மூடாமல் விட்டிருந்தார்கள். அதன் கீழே, அந்தத் திட்டத்தைக் கவனித்துக்கொள்கிற ஒரு பெண் எழுதியிருந்தார். எந்த நாடு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சாப்பிட உட்காரும்போது அவருக்கு விடியும், அது மட்டும் தெரியும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், இதற்குப் பின்னால் உண்மையில் ஒரு மனிதர் இருந்தால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

டப்பாவில் தயிர்சாதம் அப்படியே இருந்தது. எழுத ஆரம்பித்தேன். ஐயா அம்மையீர் எல்லாம் விட்டுவிட்டேன். ஒரே ஒருவர்தான், அவர் என் அப்பா. அவரால் என் அம்மாவைக் கூப்பிட முடியவில்லை. கூப்பிடாமல் எழுந்து விழுந்துவிட்டார். அவர் அம்மாவை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆங்கிலத்தில் படித்துப் பார்த்தபோது எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இருந்தும் அனுப்பிவிட்டேன்.

நான் பயந்த மாதிரியே ஆனது. வேறு ஒருவர் பதில் எழுதினார்: உங்கள் அப்பாவுக்கு ஆட்களை அடையாளம் காண்பதில் குழப்பம் இருக்கிறது போலும், வீட்டிலுள்ளவர்களின் படத்தையும் பெயரையும் பெரிதாகக் காட்டும் வசதி ஆப்பிலேயே இருக்கிறது, பயன்படுத்திப் பாருங்கள்.

வந்ததே கோபம் எனக்கு! எங்கள் அத்தாவுக்கா குழப்பம்? இந்த வீட்டில் குழப்பமே இல்லாத ஆள் அவர் ஒருவர்தான். அந்தக் கோபத்தில் எழுதியதுதான் நான் ஆங்கிலத்தில் எழுதியதிலேயே நல்லது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் கணவன் மனைவி பெயர் சொல்லிக் கொள்வதில்லை. அது அன்பில்லாததால் அல்ல, அடுத்தவர் வாயில் அடிபடுகிற பெயர் வீட்டுக்குள் வேண்டாம் என்றுதான். ஒரே பெயரை அவர் இரண்டு விதமாகக் கூப்பிடுவார், எங்கள் வீட்டில் பிறந்த பூனைக்குட்டிகூட வித்தியாசம் அறியும். உங்கள் எந்திரம் பெயரைச் சொல்கிறது, கூப்பிடத் தெரியவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கூப்பாடு.

அடுத்த நாள் அந்தப் பெண் சின்னதாக நாலு வரி எழுதியிருந்தார்: என் அப்பா என் அம்மாவைச் சீட்டியடித்துத்தான் கூப்பிடுவார். தோட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அம்மா திரும்புவார். எங்கள் ஆப்பால் சீட்டியடிக்க முடியாது என்று எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்கொள்கிறேன் என்றால் அவரே செய்து தருகிறார் என்று அர்த்தமாம். அதைப் படித்ததும் கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. எதிரே ரிப்போர்ட் வாங்க நின்றிருந்த பெரியவர் என் கையிலிருந்த கவரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவ்ளோ மோசமாம்மா?" என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, உங்களுக்கு ஒன்றுமில்லை சார், நார்மல்தான், நார்மல்தான் என்று அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன்.

அது உடனே வந்துவிடவில்லை. அவரும் வேலைக்குப் போகிறவர், குழந்தை இருக்கிறது, ஓய்ந்த நேரத்தில்தான் எழுதுகிறார். நான் தினமும் எட்டிப் பார்ப்பேன், எப்போது வரும் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். அத்தாவிடம் மட்டும் சொன்னேன், ஒருத்தங்க செஞ்சுகிட்டிருக்காங்க அத்தா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க, அதுவரைக்கும் எழுந்திருக்காதீங்க என்று. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

ஒருநாள் அந்தப் பெண் எழுதினார்: சோதனைக்கு ஒன்று தயார். எங்களிடம் இருப்பதெல்லாம் புது போன்கள். பழைய போன், விலை குறைந்த போன் வைத்திருப்பவர்கள் நிறைய பேர் போட்டுப் பார்த்துச் சொன்னால் நல்லது. உங்களுக்கு யாரையாவது தெரியுமா?

யாரையாவது தெரியுமாவா! மாமாவோடு பேசக்கூடாது என்ற வைராக்கியத்தை அந்த நிமிஷமே காற்றில் விட்டேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றுதான் ஆரம்பித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் டீக்கடை வாசலில் கூட்டம் சேர்த்துவிட்டார். திரை உடைந்த போன், பேட்டரி உப்பிய போன், ரப்பர் பேண்டு போட்ட போன், எல்லாம் வந்தது. ஏதாவது ஒரு சத்தத்தை ரெக்கார்டு செய்து பொத்தானில் வைத்து அழுத்திப் பாருங்கள் என்று நான் சொன்னேன். என்ன பேசுவது என்று ஆளாளுக்கு முழித்தார்கள். "வூட்டுல எப்படிக் கூப்புடுவியோ அப்படிக் கூப்புடு" என்றார் மாமா.

அடடா, அன்றைக்குக் கேட்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் நாக்கால் 'த்சொ' என்று ஒரு சத்தம் கொடுத்தார், அதுதான் அவர் வீட்டில் கூப்பாடாம். ஒருவர் கையை இரண்டு தட்டுத் தட்டினார். ஒருவர் "ஏய், இந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, சுற்றிலும் ஆண்கள் நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டு ஓரமாகப் போய் முடித்தார். மாமா தொண்டையைச் செருமிவிட்டு "கதவைத் தாப்பா போடு" என்றார். "அது கூப்பிடறதா மாமா?" என்றேன். "வெளிய கெளம்பும்போது சொல்லுவேன், வர்றதுன்னா அதுக்குத்தான் வருவா" என்றார். டீக்கடையே சிரித்தது.

பிரச்சினையும் அங்கேதான் பிடிபட்டது. சில போன்களில் ரெக்கார்டு ஆன மாதிரி காட்டும், அழுத்தினால் சத்தம் வராது. பார்த்தால் அந்தப் போன்களிலெல்லாம் இடமே இல்லை. காலை வணக்கம் படங்களாலேயே நிரம்பியிருந்தது. இடமில்லை என்று சொல்லாமல் ஆப் சும்மா விட்டுவிடுகிறது. அதை எழுதி அனுப்பினேன். இது எங்களுக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது, உங்கள் தெருவுக்கு நன்றி என்று அவர் பதில் போட்டார். முடக்கிய கணக்குகளையும் திறந்துவிட்டார். மாமா அந்தப் பதிலைப் பிரின்ட் எடுத்துச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார், நாய்த் தொல்லைச் சுற்றறிக்கைக்குப் பக்கத்தில்.

சரிசெய்தது வந்து இறங்கியதும் டேப்லெட்டில் போட்டுக்கொண்டு தாம்பரம் போனேன். எதை ரெக்கார்டு செய்வது என்று நான் முன்பே முடிவு செய்துவைத்திருந்தேன். அத்தா நன்றாக இருந்தபோது எனக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி என்னிடம் இருக்கிறது. பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் திரும்பி அம்மாவைக் கூப்பிடுவார், என் பெயரை இழுத்து. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுக் காட்டினேன்.

அத்தா கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. நான் சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"நிறுத்து அதை" என்றாள் அம்மா. அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. "மனுஷன் எதிர்ல உக்காந்திருக்காரு, பழைய குரலை எதுக்குப் போடறே? மவுத்தாகிப் போய்ச் சேந்தவங்க குரலைத்தான் அப்படி வச்சுக் கேப்பாங்க."

நான் நிறுத்தினேன். அத்தா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு இடது கையால் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தார். ரெக்கார்டு செய்கிற சிவப்பு வட்டத்தைக் காட்டி என்னைப் பார்த்தார். அழுத்திப் பிடியுங்கள் அத்தா என்றேன். வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் என் பெயரின் கடைசி எழுத்து மட்டும் வந்தது. முன்னால் உள்ள எழுத்தெல்லாம் காற்றாகப் போய்விட்டது. கரகரவென்று, பலகையில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி இருந்தது. ஆனால் இழுத்தார். இழுத்த இடத்தில் கொஞ்சம் இறக்கினார்.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து, அதை டேப்லெட்டோடு இணைத்தேன். திரையில் வேறெதுவும் தெரியாமல் அந்த ஒரு பொத்தானைப் பெரிதாக வைத்தேன். அம்மா நம்பாமல்தான் இருந்தாள். "பாக்கலாம், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் கொதிக்கிற மீன் ஆணத்தைக் கவனிக்கப் போனாள். நான் வராந்தாவில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தம் வந்தது. கரகரவென்று, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, சத்தமாக.

நான் தலை திரும்பவில்லை. அது எனக்கில்லை என்று எனக்குத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், துணியோடு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"வர்றேங்க!" என்று சமையலறையிலிருந்து அம்மா.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "என்னாங்க, பாத்ரூம் போணுமா?" அத்தா தலையை ஆட்டினார், இல்லை. "தண்ணியா?" இல்லை. "எங்கியாச்சும் வலிக்குதா?" இல்லை. அம்மா பதறிப்போய்ப் படங்களெல்லாம் உள்ள பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். பசி, தூக்கம், மருந்து, குளிர், ஃபேன், டிவி. அவர் எதையும் தொடவில்லை. டேப்லெட்டை மெதுவாக ஒதுக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தைத் தட்டினார்.

அவருக்குப் பேச்சு போன நாளிலிருந்து அவர் கூப்பிட்டால் ஏதோ தேவை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சும்மா கூப்பிடுவதற்கு அந்த ஆப்பில் படமே கிடையாது.

"அடுப்புல ஆணம் இருக்குங்க" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மீன் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. நான்தான் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.